சுடருக்கு இட்ட மை

ஜூன் 5, திங்கள்

சுடர் இன்றைக்கும் இட்லியைத் துப்பிவிட்டாள். நேற்று தோசை, முந்தாநாள் பருப்புச் சோறு. பதினாறு மாதப் பிள்ளை மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கு வந்துவிட்டது.

இந்த வீட்டில் இருப்பது நான்கு பேர். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் தம்பி சிதம்பரம், கூட்டுறவு வங்கிக்குப் போகும் அவன் மனைவி சுகிர்தா, அவர்கள் மகள் சுடர்க்கொடி, அவளுக்கு அத்தையாகிய நான். பெரியவர்கள் மூவரும் வேலைக்குப் போன பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பேச்சியம்மாள் வருகிறாள். இத்தனை பேர் இருந்தும் பகலில் பிள்ளை வாயில் என்ன போயிற்று என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் ஒப்பனையைப் பற்றிய கண்காட்சிக்கு முதல்வர் சம்மதித்துவிட்டார். பத்து வருஷமாகக் காப்பாட்சியர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு சுவர். ஆகஸ்ட் கடைசியில் திறப்பு. மை, மஞ்சள், செம்பஞ்சு, அரிதாரம் எல்லாவற்றுக்கும் குறிப்பு அட்டை நான்தான் எழுத வேண்டும்.

காலையில் சுடருக்கு மை இட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

மை இட்டேன். பிள்ளை வெளிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. வயிறு கல்லாக இருக்கிறது. வாழைப்பழத்தைத் தவிர வேறு யோசனை யாருக்கும் இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

மை தீரப்போகிறது என்று இன்று புதிதாகக் கூட்டினேன். ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிக்கும் வேலை எல்லோருக்கும் தெரியும். நான் அதோடு நிறுத்துகிறவள் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் அஞ்சனக்கல் கிடைக்கும். உடைத்தால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னும். அதைப் பன்னீர் விட்டு அம்மியில் மைபோல அரைத்து, கரியோடும் நெய்யோடும் சேர்த்தால் அதற்குப் பெயர்தான் அஞ்சனம். கடையில் விற்கிற பென்சில் மையை என் சுடரின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக விடமாட்டேன். அதில் என்னென்ன ரசாயனமோ.

அரைத்துக்கொண்டிருந்தபோது சுகிர்தா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, அது என்ன கல்லு?"

"அஞ்சனக்கல். எகிப்துல ராசா ராணியெல்லாம் இட்டது. நாலாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. ஆம்பிளையும் இட்டுக்கிடுவான், பொம்பிளையும் இட்டுக்கிடுவா. வெயிலு, ஈ, கண்ணு நோவு எதுவும் அண்டாதுன்னு நெனச்சிருக்காவ. ஏன் கேக்கே?"

"சும்மாதான் மைனி கேட்டேன்."

சும்மா யாரும் கேட்பதில்லை. அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இதை எழுதும்போது பழையதும் எழுத வேண்டியிருக்கிறது. சுகிர்தா நாசரேத்துக்காரி, வேதக்கார வீடு. கல்யாணம் கோயிலிலா சர்ச்சிலா என்று ஆறு மாதம் இழுத்து, கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் முடிந்தது. பிள்ளை பிறந்ததும் பெயருக்கு ஒரு சண்டை. இரு வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சுடர்க்கொடி வந்தது. மொட்டை போடக்கூடாது, காது இப்போது குத்தக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் சுகிர்தா வீட்டார் மறித்து நின்றார்கள். மை ஒன்றுக்கு மட்டும் சுகிர்தா தானாகவே, "அது உங்க இஷ்டம் மைனி" என்றாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. இப்போது அந்த ஒன்றிலும் கை வைக்கப் பார்க்கிறாளோ என்று தோன்றுகிறது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தெட்டு வயது. இந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், காலையில் அந்தப் பிள்ளை என் மடியில் படுத்துக் கண்ணைக் காட்டுகிற ஐந்து நிமிஷத்தைத்தான் சொல்ல முடியும்.

ஜூன் 15, வியாழன்

மை இட்டேன். இரண்டு கண்ணுக்குள்ளும், கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று.

இன்று மூன்று அட்டை எழுதி முடித்தேன். ஒன்று தொய்யில். சங்க காலத்துப் பெண்கள் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் கொடியும் பூவும் எழுதிக்கொண்டார்கள். எழுதிவிடுவது பெரும்பாலும் காதலன். அழகுக்கு மட்டுமல்ல, இவள் ஒருவனுக்கு உரியவள் என்று ஊருக்குச் சொல்லவும்தான். இரண்டாவது அரிதாரம். கூத்துக்காரர் முகத்தில் பூசுவதற்கெல்லாம் இன்று அதுதான் பொதுப் பெயர். ஆனால் அது உண்மையில் ஒரு மஞ்சள் கல். பாஷாண வகை, விஷம். முகத்தில் தேய்த்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். மூன்றாவது, கிரேக்கப் பெண்களும் ரோமாபுரிப் பெண்களும் பூசிய வெள்ளைப் பூச்சு. முகம் வெளுத்திருந்தால் வெயிலில் வேலை செய்யாத குடும்பம் என்று அர்த்தம். அந்த வெள்ளை ஈயத்தால் ஆனது. பூசப் பூச முகம் கெட்டது, கெட்டதை மறைக்க மேலும் பூசினார்கள். என்ன முட்டாள்தனம் என்று எழுதிவிட்டு அடித்தேன். அட்டையில் அப்படி எழுதக்கூடாது.

சுடர் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததாகப் பேச்சி சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளிடம் ஏதோ இருக்கிறது.

ஜூன் 22, வியாழன்

பேச்சியை நிறுத்தியாயிற்று.

அரை நாள் விடுப்புப் போட்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். பிள்ளை தூங்குகிறது. பேச்சியின் பையில் ஒரு சிறிய பாட்டில். பிள்ளை நாள் முழுக்க சோர்ந்து கிடப்பதன் காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். தூங்க வைக்கிற மருந்து கொடுத்துவிட்டு டிவி பார்க்கிற ஆயாக்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்.

"ஓமத்தண்ணிக்கா. மோந்து பாருங்க. வயித்து நோவுக்கு ரெண்டு சொட்டு குடுத்தேன்."

"யாரக் கேட்டுக் குடுத்தே?"

"கேட்டா விடுவியளா? புள்ள கெடந்து துடிக்கா." போகும்போது வாசலில் நின்று அவள் இன்னொன்றும் சொன்னாள். "புள்ள எந்நேரமும் கண்ணக் கசக்கி அந்த வெரலத்தான் வாயில வச்சிச் சூப்புதா. எம்மேல பழி போடுத நேரத்துக்கு அதப் பாருங்க மொதல்ல."

கையும் களவுமாக அகப்பட்டவர்கள் கடைசியில் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். முகர்ந்து பார்த்தேன். ஓம வாசனைதான். ஓமத்தோடு வேறு என்ன கலந்திருந்தது என்று யார் கண்டது?

சிதம்பரத்துக்கு முகம் வாடிவிட்டது. சுகிர்தா ஒரு மாதம் விடுப்புப் போட்டிருக்கிறாள்.

ஜூலை 2, ஞாயிறு

சுடர் போன மாதம் வரை என்னைப் பார்த்ததும் "த்தை" என்பாள். காக்கா, பூ, பால் என்று ஒரு பத்துச் சொல் வந்திருந்தது. இந்த வாரம் ஒன்றையும் காணோம். கையை நீட்டிக் காட்டுகிறாள், சிணுங்குகிறாள், அவ்வளவுதான். நான் "அத்தை சொல்லு, அத்தை சொல்லு" என்று அரை மணி நேரம் கெஞ்சினேன். என் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள்.

அழுகை வந்தது. குளியலறைக்குப் போய்விட்டேன்.

பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது இப்போது அம்மாதான். அத்தை என்ற சொல் அந்த வாயில் இருக்கக்கூடாது என்று ஒருத்தி நினைத்தால், ஒரு மாதம் அதற்குப் போதும். எழுதக்கூடாததை எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது.

ஜூலை 9, ஞாயிறு

சுகிர்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாசரேத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். இரண்டு வாரமாம். காற்று மாறட்டும் என்கிறாள். இங்கே காற்றுக்கு என்ன?

மைச்சிமிழ் நிறைய மை வைத்துக் கொடுத்தேன். "ஒரு நாளும் விட்றாத. அங்க ஆள் போக்குவரத்து சாஸ்தி. கண்ணு படும்" என்றேன்.

"சரி மைனி" என்று வாங்கிப் பையின் அடியில் வைத்தாள்.

ஜூலை 19, புதன்

சிதம்பரம் போனில் படம் காட்டினான். சுடர் நாசரேத் வீட்டில் ஒரு மரக்குதிரையின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறாள். கையில் முறுக்கு. நன்றாகச் சாப்பிடுகிறாளாம், வயிறும் சரியாகிவிட்டதாம். சந்தோஷம். ஆனால் கண் வெறும் கண்ணாக இருந்தது. போனை வாங்கி நானே கேட்டேன்.

"மை எங்க?"

"தீந்துட்டு மைனி."

மூன்று மாதத்துக்குக் காணும் மை. பத்து நாளில் தீர்ந்துவிட்டதாம். எனக்குக் காது குத்துகிறாள். பிள்ளைக்கு மை வைக்கிறது அந்த வீட்டில் பிடிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே.

ஜூலை 24, திங்கள்

வந்துவிட்டார்கள். சுகிர்தா விடுப்பை நீட்டியிருக்கிறாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் சிரிப்பு வந்திருக்கிறது.

நாசரேத்தில் இத்தனை பேர் கண் பட்ட பிள்ளை. இன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு தடவை என்று இரண்டு வேளை மை இடுகிறேன். சாயங்காலம் இடும்போது சுகிர்தா பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு ஒரு மைக்கோல் செய்து வாங்கியிருக்கிறேன். நம் பக்கத்து அகழாய்வுகளில் கிடைத்த செம்புக் கோல்களைப் பார்த்து ஆசாரி அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறார், விரல் நீளம், இரண்டு முனையும் மழுங்கல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு பிள்ளை கிடந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மறுபடியும் எல்லாம் வந்துவிட்டது. வாந்தி. வயிற்று வலி. நேற்று நடந்துகொண்டிருந்தவள் காரணமில்லாமல் விழுந்தாள். இந்த வீட்டுக்குள் வந்தால் பிள்ளைக்கு ஆகவில்லை, நாசரேத்துக்குப் போனால் ஆகிறது. இதை யாரோ நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்வது மாதிரி இருக்கிறது. இந்த வீட்டிலிருந்து பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போக ஒருத்திக்குக் காரணம் வேண்டும். காரணம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் ராபியாவிடம் மூவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இமையை விலக்கிப் பார்த்து, "ரத்தமே இல்லையேம்மா" என்றார். மை கையில் ஒட்டியதைப் பஞ்சில் துடைத்துக்கொண்டார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, சனி

ஈயம்.

பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். ஐந்தைத் தாண்டக்கூடாத இடத்தில் முப்பத்தெட்டு. பசி எடுக்காதது, வயிறு கட்டியது, சோகை, பேச்சு நின்றது எல்லாம் அதனால்தான் என்றார் டாக்டர். "எங்கேருந்து போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. அதுதான் பெரிய மருந்து. இன்னும் ஏறுச்சுன்னா மூளையில நிரந்தரமா நின்னுரும். அப்புறம் நான் என்ன செஞ்சாலும் திரும்பாது" என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஈயம் எங்கெங்கே இருக்கும் என்று ஒரு தாள் கொடுத்தார். அதில் உள்ளவை: பழைய பெயிண்ட், சாயம் பூசிய பொம்மை, பழைய தண்ணீர்க் குழாய், சில நாட்டுப் பொடி மருந்துகள், வீட்டில் பேட்டரி வேலை. ஆறாவதாக இன்னொன்றும் போட்டிருந்தது. அது நம் வீட்டுக்குப் பொருந்தாது.

சுகிர்தா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கீழ் வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் டாக்டரிடம், "பிள்ளை நாசரேத்துல பழைய மரக்குதிரையில ஏறி விளையாடிட்டு வந்திருக்கா. அந்த வீடும் பழைய வீடு. சுவரெல்லாம் பெயிண்ட் உரிஞ்சு கிடக்கும்" என்றேன். நான் அந்த வீட்டுக்குள் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். பெயிண்ட் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சுகிர்தா விரலை எடுத்துத் தாளை மடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. சிதம்பரம் வீட்டில் உள்ள பொம்மைகளையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினான். குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு வைத்திருக்கிறான். நாசரேத்திலிருந்து சுகிர்தாவின் அப்பா போன் செய்தார். மரக்குதிரை அவர் கையால் செய்தது. அதைக் கோடாலியால் உடைத்து அடுப்பில் வைத்துவிட்டாராம். சொல்லும்போது அந்த மனிதர் அழுதது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "பேத்தி தொட்ட சாமான் ஒண்ணும் மிச்சம் வைக்கலம்மா" என்றார்.

காலையில் சுடருக்கு மை இடவில்லை. பரபரப்பில் மறந்துவிட்டது. சாயங்காலமும் மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, புதன்

மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, வியாழன்

வேதியியல் துறை ஆரோன் சாரிடம் அஞ்சனக்கல்லில் ஒரு துண்டைக் கொண்டுபோனேன். கண்காட்சி அட்டைக்குச் சரியான விவரம் வேண்டும் என்று சொன்னேன். அட்டைக்குத்தான்.

பொடி செய்து அமிலத்தில் போட்டுக் காய்ச்சினார். அழுகிய முட்டை நாற்றம் வந்தது. வடிகட்டிய தெளிவில் இன்னொரு மருந்தை நான்கு சொட்டு விட்டார். அப்படியே பளிச்சென்று மஞ்சள் இறங்கியது. இவ்வளவு அழகான மஞ்சளை நான் பார்த்ததில்லை.

"ஈயம்தான் மேடம். சுத்தமான ஈயக்கல்லு. அஞ்சனம்னா அந்தக் காலத்துல வேற கல்லையும் சொல்லிருக்காங்க. இப்ப கடையில குடுக்கது பெரும்பாலும் இதுதான். அட்டையில என்ன போட்டிருக்கீங்க?"

எகிப்தியரின் கரிய மை ஈயக் கல்லை அரைத்துச் செய்யப்பட்டது என்று போட்டிருக்கிறேன். ஜூன் மாதமே எழுதிவிட்டேன். என் கையெழுத்தில். அட்டையில் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

விடுப்பு.

ஆகஸ்ட் 19, சனி

ரோமாபுரிக்காரிக்கு ஈயம் விஷம் என்று எழுதிய அதே கை, அம்மியில் ஈயத்தை அரைத்திருக்கிறது. எகிப்து என்றால் பெருமை, அஞ்சனம் என்றால் நம்முடையது, மை என்றால் காவல். இரண்டையும் ஒரே நாளில் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை என்று எழுதினால் அதுதான் சரி. ஆறாவது வரி "கண் மை". பன்னிரண்டாம் தேதியே படித்தேன்.

நேற்று முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். மையை நிறுத்தியாயிற்று. மிச்சத்தையும் கல்லையும் எடுத்துப் போட்டுவிட்டால் பிள்ளை தானாகத் தேறிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. குதிரைதான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொள்வார்கள். சுகிர்தா காலம் முழுக்கத் தன் அப்பாவை நினைத்து அழுவாள். பேச்சி வேறு வீட்டில் வேலை தேடிக்கொண்டிருப்பாள். நான் இந்த வீட்டில் அத்தையாக இருப்பேன்.

இன்று சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். மூலம் எதுவென்று தெரியாமல் கடுமையான மருந்தைத் தொடங்க அவருக்கு யோசனையாக இருக்கிறதாம். பிள்ளை உடம்பில் ஈயம் எத்தனை நாளாக, எவ்வளவு போயிருக்கிறது, நடுவில் விட்ட நாள் உண்டா, எந்த நாளில் என்ன தொந்தரவு என்று தேதியோடு தெரிந்தால் நல்லது என்றார். சிதம்பரம், "அது எப்படி டாக்டர் தெரியும்? யாரு எழுதி வச்சிருக்கா?" என்றான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலைச் சாப்பாட்டின்போது சொன்னேன். மைச்சிமிழையும் கல்லையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "இதுதான். ஆரோன் சார் பார்த்துட்டாவ. ஈயம்" என்றேன்.

சிதம்பரம் எழுந்தான். நாற்காலி விழுந்தது. "யக்கா..." என்றான். வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

சுகிர்தா பிள்ளையை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை அடித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு மைனி" என்றாள். "நாசரேத்துல ஒரு டாக்டர் கண்ணு செவந்திருக்குன்னு பாத்துட்டு, மை வைக்காதீயன்னாரு. ஈயம்னு சொல்லல. ஆகாதுன்னு மட்டும் சொன்னாரு. அதான் அங்க வைக்கல. சிமிழு நீங்க குடுத்த மேனிக்கே இருக்கு."

"இங்க வந்து ஏன் சொல்லல? ரெண்டு வேளை வச்சேனே, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தே?"

"சொன்னா நீங்க என்ன நெனச்சிருப்பிய?"

நான் மைச்சிமிழை மூடினேன்.

"வேதக்காரி, பொட்டும் மையும் வேண்டாங்கான்னு நெனச்சிருப்பிய. கல்யாணத்துலேருந்து எல்லாத்துக்கும் மாட்டேன்னு சொன்னவ. இது ஒண்ணுலயாவது உங்க மனசு நோவாம இருக்கட்டும்னு விட்டேன். ராத்திரி நீங்க படுத்த பொறவு ஈரத்துணிய வச்சித் துடைச்சி எடுப்பேன். அது போதும்னு நெனச்சிட்டேன். அன்னைக்கு டாக்டரு ரூம்புல கூட அந்த வரியப் பாத்துட்டு வாயத் தொறக்கல. பெத்தவ நான். உங்களுக்குப் பயந்துக்கிட்டு எம்புள்ளைய விட்டுட்டேனே மைனி."

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஒருவரை ஒருவர் தொடவில்லை.

அவள் சொன்னது சரி. சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

டாக்டர் கேட்ட தேதிகள் எல்லாம் இதில் இருக்கின்றன. எந்த நாள் மை இட்டேன், எந்த நாள் இரண்டு வேளை, எந்த நாள் வெளிக்குப் போகவில்லை, எப்போது பேச்சு நின்றது. காலையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேவையானதை மட்டும் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஜூன் 5, மை இட்டேன். ஜூன் 6, மை இட்டேன். எழுதிக்கொண்டே வந்து ஜூலை 2இல் நின்றேன். பேச்சு நின்ற தேதியை எழுதிவிட்டு, அதற்குக் கீழே சுகிர்தாவைப் பற்றி எழுதியிருப்பதை விட்டுவிட வேண்டும். ஜூன் 22ஐ எழுதிவிட்டுப் பேச்சி வாசலில் நின்று சொன்னதை விட்டுவிட வேண்டும். ஆகஸ்ட் 15இல் "மறந்துவிட்டது" என்பதை என்னவென்று எழுதுவது?

தாளைக் கிழித்தேன். நோட்டையே சுகிர்தாவிடம் கொடுக்கப்போகிறேன். அவள் முதலில் படிக்கட்டும், பிறகு டாக்டருக்குக் கொடுக்கட்டும். இதைப் படித்த பிறகு என்னை இந்த வீட்டில் வைத்துக்கொள்வது அவள் இஷ்டம். இருக்கலாம் என்று சொல்வாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பயமாக இருக்கிறது. இருந்தாலும் கொடுக்கிறேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

நோட்டு ஒரு மாதம் கழித்து நேற்று என் மேஜைமேல் இருந்தது. டாக்டர் தேதிகளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். சுகிர்தா எதுவும் எழுதவில்லை, எதுவும் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை எடுத்த ரத்தத்தில் இருபத்தொன்று. இறங்குகிறது, இன்னும் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும், பேச்சைப் பற்றி இப்போதே ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பேச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "வாரேன். ஆனா எம்பையத் தொடக்கூடாது" என்றாள். நாளை முதல் வருகிறாள். நாசரேத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. கண்காட்சி திறந்தாயிற்று. மை அட்டையில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: "இதைப் பிள்ளைகளின் கண்ணிலும் இட்டார்கள், அன்பினால்தான் இட்டார்கள்." மாணவிகள் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போகிறார்கள்.

இன்று சுடருக்குக் கொஞ்சம் கேசரி கிளறினேன். எடுத்துக்கொண்டு வந்து கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன். சுகிர்தா கையை நீட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கரண்டி எடுத்துத் தான் தின்றாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். சுடர் கேசரியைக் காட்டிச் சிணுங்கினாள். சுகிர்தா அசையவில்லை. நானும் நின்ற இடத்திலேயே நின்றேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பிறகுதான் பிள்ளைக்கு ஊட்டினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு வலித்தது, அது வேறு. முதல் கரண்டியை வாயில் வைக்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். மூன்று மாதமாக இந்த வீட்டில் ஒவ்வொருவரையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கட்டும். பிள்ளை கிண்ணத்தைக் காலி செய்தாள். நாளைக்கு ரவை உப்புமா செய்யலாம் என்று இருக்கிறேன். கிண்ணத்தை முதலிலேயே சுகிர்தாவின் கையில் கொடுத்துவிடுவேன்.